தொங்க மறுத்த கால்கள்

அடுத்தவர் இடுப்பில் குறை சொல்லிப் பிழைப்பதைப் போல நன்றியில்லாத வேலை வேறில்லை. தேயிலை விலை விழுந்து எஸ்டேட்டில் ஆட்களைக் குறைத்தபோது, குன்னூரில் பெண்கள் ஜிம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தேன். ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்டவளுக்கும் புரிகிற வேலைதான். வந்தவரை பெஞ்சின் ஓரத்தில் மல்லாக்கப் படுக்கவைத்து, ஒரு முழங்காலை நெஞ்சோடு கட்டிக்கொள்ளச் சொல்ல வேண்டும். மற்றக் கால் தளர்ந்து தொங்க வேண்டும். அந்தத் தொடை பெஞ்சில் படியாமல் எழும்பி நின்றால் இடுப்பின் முன்தசை இறுகியிருக்கிறது என்று அர்த்தம். இதைச் சொன்னால் என்ன நடக்கும் என்பது, பிறர் உடம்பைத் தொட்டு வேலை செய்கிற எவருக்கும் தெரியாததா?

கம்பிக் கால்

கேத்தியில் கேரட் தோட்டம் வைத்திருக்கும் அம்மாவுக்குத் தொடை அந்தரத்தில் நின்றது. "இறங்கலீங்களே" என்றேன். அவருக்கு முகமெல்லாம் பெருமை. "தொங்கறதுக்கு நானென்ன கெழவியா? எங்கூட்டுல எல்லாருக்கும் காலு கம்பியாட்டந்தான் நிக்கும்."

கூட வந்தவர்

கோத்தகிரி ஜவுளிக்கடை அம்மா, துணைக்குத் தங்கையையும் கூட்டி வந்தார். நான் குனிந்து பார்ப்பதற்குள் தங்கை அக்காவின் தொடையை இரண்டு கையாலும் அமுக்கிப் பெஞ்சோடு ஒட்டவைத்துவிட்டார். கையை எடுக்கச் சொன்னதற்கு என்னையே முறைத்தார். "ஏனுங்க, படுத்திருக்கறவளே பேசாம இருக்கறா, உங்களுக்கு எங்க வலிக்குது?"

பெரிய இடம்

இலைக்கு விலையில்லாததால் பலர் ஜிம்முக்கு வருவதையே நிறுத்தியிருந்தார்கள். "இன்னும் ஒருத்தர் வராம நின்னாலும் உன்னையத்தான் மொதல்ல நிறுத்துவேன்" என்று ஜிம் முதலாளியம்மா சொல்லியிருந்தார். அந்த நேரம் பார்த்து வந்தார் ஒரு டீ ஃபேக்டரிக்காரரின் மனைவி. முதுகுவலி வேறு. தொடை நன்றாகவே எழும்பி நின்றது. இறுக்கத்தை மறைத்துவிட்டு அவர் தோளில் எடையை ஏற்றினால் அந்த முதுகு என்னாவது? மனசு கேட்காமல் உள்ளதைச் சொன்னேன். "ஃபேக்டரியிலதான் நஷ்டம்னா எம் இடுப்புலயுமா?" என்று சால்வையை உதறிக்கொண்டு போய்விட்டார்.

இத்தனை மாதமாக உள்ளதைச் சொல்லும்படி என்னைப் பழக்கிய அதே முதலாளியம்மா கதவைச் சாத்திவிட்டுக் கேட்டார்: "இடுப்பு இறுகி யாரும் சாகறதில்ல சாந்தி. ஜிம்மைப் பூட்டுனா உன் அடுப்பு எரியுமா?"

அன்றிலிருந்து எல்லோரிடமும் "நல்லா இருக்குங்க" என்றே சொல்லி வருகிறேன். குன்னூரில் இப்போது இறுகிய இடுப்பு ஒன்றுகூடக் கிடையாது.