அரக்கோணத்தில் இறங்காத ஞாயிறு

அம்மா சும்மா உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. வேலையைத் தள்ளிப்போடுகிறவர்கள் சோம்பேறிகள் என்று யாராவது சொன்னால் எனக்கு அவள் ஞாபகம்தான் வரும். அவள் தள்ளிப்போட்டது ஒரே ஒரு வேலையை. அதைத் தள்ளிப்போடுவதற்காக வீட்டிலிருந்த மற்ற எல்லா வேலைகளையும் செய்து முடித்தாள்.

அந்த ஒரு வேலை, பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சை. அம்மா அம்மையார்குப்பத்தில் தறி வீட்டில் பிறந்தவள். பள்ளிக்கூட நாளில் மற்ற பாடங்களிலெல்லாம் தேறி, கணக்கில் மட்டும் தவறிவிட்டாள். மறுபடி எழுதுவதற்குள் கல்யாணமாகித் திருத்தணிக்கு வந்தாயிற்று. நான் ஐந்தாவது படித்தபோது எங்கள் தெருக்கோடி அங்கன்வாடியில் உதவியாளராக இருந்தாள். குழந்தைகளுக்குச் சமைத்துப் போடுவாள், மூக்கைத் துடைத்துவிடுவாள், தூங்க வைப்பாள். பத்தாவது தேறினால் டீச்சர் வேலைக்கு மனுப் போடலாம். ஆனால் வயது வரம்பு நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த வருஷம் விட்டால் அவ்வளவுதான்.

அதற்கு முன்பே இரண்டு முறை தனித்தேர்வராக எழுத விண்ணப்பித்திருந்தாள். இரண்டு முறையும் போகவில்லை. ஒருமுறை எனக்குக் காய்ச்சல். இன்னொரு முறை யாருக்கும் காய்ச்சல் இல்லை. அன்றைக்குப் பார்த்து வீடு முழுக்க ஒட்டடை அடித்தாள்.

சாயங்காலமானால் கணக்குப் புத்தகத்தை விரிப்பாள். விரித்த மாத்திரத்தில் அரிசியில் கல் இருப்பது ஞாபகத்துக்கு வரும். கல் பொறுக்கி முடித்து வந்தால் என் சட்டையில் பட்டன் தொங்குவது கண்ணில் படும். நைனா அவளுக்காக ஒரு மேசை வாங்கிப் போட்டார். அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். ஒரே வாரத்தில் அந்த மேசை முழுக்கத் துவைத்து மடித்த துணி ஏறிக்கொண்டது. அலாரம் வைத்த கடிகாரம் வாங்கிக் கொடுத்தார். அது அடித்ததும் எழுந்து, வாசல் தெளித்து, தெருவை அடைத்துக் கோலம் போட்டாள். அந்த மாதங்களில் எங்கள் வீட்டுக் கோலத்தைத் தெருவே நின்று பார்த்துவிட்டுப் போனது.

"நாளைக்கி படிச்சிக்கலாம் வுடு" என்பார் நைனா, அவள் முகம் வாடுவதைப் பார்த்தால். அவர் நல்ல மனுஷர். அந்த நல்ல மனசுதான் அவளுக்கு இன்னும் ஒரு நாளை வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தது.

ரயிலைக் கண்டுபிடித்தது தற்செயலாகத்தான். பெரியம்மா அரக்கோணத்தில் இருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்கு மின்சார ரயிலில் போனபோது, வழியில் சிக்னல் விழாமல் வெகுநேரம் வண்டி நின்றுவிட்டது. எங்கே போனாலும் கணக்குப் புத்தகத்தைப் பையில் போட்டுக்கொண்டு போவது அம்மாவின் வழக்கம். சுமந்தால் படித்ததாகிவிடும் என்று நினைத்தாளோ என்னவோ. அன்று ஜன்னல் வழியே கொஞ்சநேரம் வெறும் வயலைப் பார்த்தாள். எதிர் சீட்டுக்காரரைப் பார்த்தாள். பிறகு வேறு வழியில்லாமல் புத்தகத்தை எடுத்தாள். பெருக்கலாமென்றால் அங்கே தரை அவளுடையதில்லை. அடுப்பு இல்லை, பட்டன் பிய்ந்த சட்டை இல்லை, யாரும் கூப்பிடப் போவதுமில்லை. வண்டி கிளம்பியபோது ஒரு கணக்கு முடிந்து, விடை சரியாக வந்திருந்தது. போட்ட நோட்டைத் தூக்கிப் பிடித்து என்னிடம் காட்டினாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை என்றாலும் தலையாட்டினேன்.

அதிலிருந்து ஞாயிறுதோறும் ரயில். நைனா கேட்டால், "அக்கா வூட்டுக்குப் போயிட்டு வந்துடறேங்க" என்பாள். பெரியம்மா வீட்டுப் பக்கமே நாங்கள் போகமாட்டோம். அரக்கோணத்தில் இறங்கி, நடைமேடைப் பெஞ்சில் உட்கார்ந்து, அடுத்த வண்டியில் திரும்பிவிடுவோம். கைப்பேசியை வீட்டிலேயே விட்டுவிட்டு வருவாள். என் வேலை அவள் பேனாவுக்கு மூடி பிடித்துக்கொள்வது, இறங்கும் இடம் வந்தால் சொல்வது, வீட்டில் வாய் திறக்காமலிருப்பது. கூலியாகச் சமோசா கிடைத்தது.

சிலசமயம் பக்கத்தில் இருப்பவர்கள் எட்டிப் பார்ப்பார்கள். ஒருமுறை பூக்கூடையோடு வந்த அம்மாள் ஒருத்தி, "பொண்ணுக்கா பரிட்சை?" என்று கேட்டாள்.

"ஆங்" என்றாள் அம்மா.

அந்த அம்மாள் புத்தகத்தையும் என் உயரத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இந்த வயசுக்கே பத்தாவது கணக்கா என்று என் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தாள். எனக்குப் பெருமையாக இருந்தது.

பரீட்சைக்கு முந்தின ஞாயிறு அன்று வீட்டுக்கு விருந்தாளிகள் வருவதாக இருந்தது. நைனாவின் அக்கா, எங்கள் அத்தை, பள்ளிப்பட்டில் புது வீடு கட்டியிருந்தாள். கிரகப்பிரவேசத்துக்கு அழைக்க அத்தையும் மாமாவும் வந்து, எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போவதாக ஏற்பாடு. அம்மா விடியும்முன் எழுந்து மசாலா அரைத்து வைத்துவிட்டு, போய்விட்டுச் சீக்கிரம் திரும்பிவிடலாம் என்று என்னை இழுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடினாள்.

முக்கோணவியல் என்ற பாடத்தைத்தான் அவள் கடைசிவரை தொடாமலே வைத்திருந்தாள். ஒருவன் தரையில் நின்று கோபுரத்தின் உச்சியைப் பார்ப்பான். பார்த்த கோணத்தைக் கொண்டு கோபுரத்தின் உயரத்தை நாம் சொல்லவேண்டும். பள்ளிக்கூட நாளில் அவளைக் கவிழ்த்ததும் அந்தப் பாடம்தான். அன்று ரயில் ஏறியதும் நேராக அதைத் திறந்தாள். படம் போட்டாள், அடித்தாள், மறுபடி போட்டாள். அரக்கோணம் வந்தது. ஜனங்கள் இறங்கினார்கள், ஏறினார்கள். டீக்காரர் ஜன்னலோரமாகக் கூவிக்கொண்டு போனார்.

"அம்மா, எறங்கணும்" என்று எழுந்தேன்.

அவள் என் மணிக்கட்டைப் பிடித்து உட்கார வைத்தாள். "இரு பாப்பா. இந்த ஒண்ண முடிச்சிடறேன்."

"அத்தை வந்துடுவாங்க."

"ஆங்" என்றாள், நோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

வண்டி கிளம்பிவிட்டது. திருவாலங்காடு போனது, திருவள்ளூர் போனது. எங்களிடம் இருந்தது அரக்கோணம் வரைக்குமான டிக்கெட். ஏறுகிற ஒவ்வொருவரும் என் கண்ணுக்குப் போலீஸாகத் தெரிந்தார்கள். அம்மாவின் நெற்றியில் வியர்வை வழிந்தது, துடைத்துக்கொள்ளவில்லை. ஆவடி தாண்டும்போது வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே வேகமாக எழுத ஆரம்பித்தாள். ஒரு பக்கம் முடிந்து அடுத்த பக்கம் திரும்பியது. வீட்டில் அவள் கை அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. எனக்கு அழுகை வந்தது. ஆனால் அவளைத் தொடக்கூடாது என்றும் தோன்றியது.

சென்ட்ரலில் வண்டி நின்றபிறகுதான் நோட்டை மூடினாள். "எல்லாம் வருது பாப்பா" என்றாள்.

வெளியே போகிற வழியில் வெள்ளைச் சட்டை, கறுப்புக் கோட்டுப் போட்ட டிக்கெட் பரிசோதகர் நின்றிருந்தார். அம்மா தானாகவே அவரிடம் போனாள்.

"அரக்கோணத்துல எறங்கணும் சார். கணக்குப் போட்டுகினு இருந்தேன், எறங்கல."

அவர் எங்கள் டிக்கெட்டையும் அவள் கையிலிருந்த நோட்டையும் பார்த்தார். "யாருக்கும்மா பரிட்சை?"

"எனக்குத்தான் சார்."

அவர் டிக்கெட்டை அவளிடமே திருப்பிக் கொடுத்தார். பிறகு, "திரும்பறதுக்கு டிக்கெட் எடுத்துக்கினு போங்க" என்று வழிவிட்டார். நான் மூச்சுவிட்டேன்.

வெளியே காசு போட்டுப் பேசுகிற தொலைபேசி ஒன்று இருந்தது. அம்மா வீட்டுக்குப் பேசினாள். "ஏங்க, நான்தான். தூங்கிப் போயிட்டேங்க. கண்ணத் தொறந்து பாத்தா மெட்ராஸ் வந்துடுச்சி." நான் அவள் முகத்தை நிமிர்ந்து பார்த்தேன். முன்பின் தெரியாதவரிடம் உண்மையைச் சொன்னவள், சொந்த வீட்டில் ஏன் பொய் சொல்கிறாள் என்று குழம்பினேன்.

வீடு திரும்பும்போது பொழுது சாய ஆரம்பித்திருந்தது. நைனா ஓட்டலிலிருந்து பிரியாணி வாங்கிவந்து விருந்தாளிகளைச் சமாளித்திருந்தார். எங்களைப் பார்த்ததும் அத்தை எழுந்து வந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "ராவும் பகலுமா வேலை செஞ்சிகினே இருக்கா பாவம், அசந்துட்டா. இதுக்கு ஏன்டா மூஞ்சத் தூக்கி வெச்சிகினு இருக்கற?" என்று நைனாவைத்தான் கடிந்துகொண்டாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. "அம்மா தூங்கல அத்தை. கணக்குப் போட்டாங்க. மெட்ராஸ் வரைக்கும் போட்டாங்க."

ஒரு நிமிஷம் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "தூக்கத்துலயே கணக்குப் போட்டாளா?" என்றார் மாமா. முதலில் சிரித்தது அம்மாதான். அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள். நைனா மட்டும் சிரிக்கவில்லை. மீதமிருந்த பொட்டலத்தைப் பிரித்து அம்மாவின் முன்னால் வைத்தார்.

பரீட்சை திருவள்ளூரில். அன்றைக்குக் காலையில் அம்மா மாவு சலிக்க ஆரம்பித்தாள். ஒட்டடைக் கோலையாவது ஒளித்து வைக்கலாம் என்று தேடிக்கொண்டிருந்தேன். பாதி மாவு சலித்திருப்பாள், சல்லடையை அப்படியே கீழே வைத்தாள். கையை உதறிக்கொண்டு, "ரயிலுக்கு நேரமாயிடுச்சி பாப்பா, கதவ சாத்திக்க" என்று கிளம்பிப் போய்விட்டாள். பாதியில் விட்ட வேலை ஒன்றை எங்கள் வீட்டில் நான் பார்த்தது அதுதான் முதல்முறை. வெகுநேரம் அந்தச் சல்லடையைத் தாண்டிப் போகாமல் நின்றிருந்தேன்.

தேறிவிட்டாள். பிரமாதமான மதிப்பெண் இல்லை, ஆனால் தேறிவிட்டாள். அந்த வருஷக் கடைசியில் எங்கள் ஊரிலேயே வேறொரு தெருவில் அங்கன்வாடி டீச்சரானாள்.

அத்தைக்கு அந்தக் கதை மிகவும் பிடித்துப்போயிற்று. கல்யாணம், காதுகுத்து எதுவானாலும், பந்திக்குக் காத்திருக்கும் நேரத்தில் யாரையாவது கூப்பிட்டு, "எங்க தம்பி பொண்டாட்டி தூங்கிகினே மெட்ராஸ் போயிட்டு வந்தவ" என்று ஆரம்பிப்பாள். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். இந்த வயதில் பத்தாவது எழுதுவதற்கு வெட்கப்பட்டுத்தான் மறைக்கிறாள் என்று நான் வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன். வேலை செய்து களைத்த ஒரு மருமகள் அசந்து தூங்கினால் அந்த வீட்டில் கையைப் பிடித்துக்கொள்ள ஆள் உண்டு. விருந்தாளி வரும் நாளில், தெரிந்தே, தனக்கான ஒரு வேலையை முடிக்க அவள் உட்கார்ந்துவிட்டாள் என்றால் ஒருவரும் கையைப் பிடித்திருக்கமாட்டார்கள். இது அப்போது எனக்குத் தெரியாது. எல்லோரும் சிரிக்கிறார்களே என்று நானும் அத்தை பக்கத்தில் உட்கார்ந்து, கதையில் அவள் மறந்துபோன ஸ்டேஷன் பெயர்களை எடுத்துக்கொடுத்துக்கொண்டிருந்தேன்.