காற்று குடித்த கத்திரித் தண்டு

திருவொற்றியூர்க் கல்லூரி ஒன்றின் தாவரவியல் லேபில் நான் டெக்னீஷியன். தண்டு சீவி ஸ்லைடு போட்டே கண் பூத்துப்போன ஆள். ஒருநாள் காலை, சடையங்குப்பத்தில் குத்தகை நிலத்தில் கத்திரி போட்டிருந்த கஸ்தூரியக்கா ஒரு சாக்கோடு வந்து நின்றார். உள்ளே உருண்டைக் கத்திரி, நீட்டுக் கத்திரி, இரண்டு ரகத்துத் தண்டும் இருந்தது.

"உருண்டை மத்தியானம் ஆனா தொங்கிடுது சார். வாடல் நோவுன்றாங்கோ. பூராத்தையும் புடுங்கிப் போட்டுட்டா இந்த வருசம் நான் இன்னா பண்றது?"

வாடல் நோய் என்றால் பிடுங்கத்தான் வேண்டும். தண்டில் நீர் ஏறும் குழாய்களைக் கிருமி அடைத்துவிடும். பக்கத்துச் செடிக்கும் பரவும். இரண்டையும் சிவப்புச் சாயத் தண்ணீரில் நிறுத்தினேன். நீட்டில் சாயம் மளமளவென்று ஏறியது. உருண்டையில் அடியிலேயே நின்றுவிட்டது. நோய்தான் போல என்று துறைப் பேராசிரியரைக் கூப்பிட்டேன்.

பேராசிரியர் மேடம் அந்தத் தண்டைக் குறுக்கே சீவி மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்.

"குழாயெல்லாம் சுத்தமா இருக்கே, நோய்னா பழுப்பேறி இருக்கணும். எப்படிம்மா கொண்டு வந்தீங்க?"

"காலீல வெட்டி, கீரைக்கட்டுக்குத் தெளிக்கிற மாறி தண்ணி தெளிச்சு, சாக்குல சுத்தி பஸ்ல எடுத்தாந்தேன். வாடாம பாத்துக்கினுதான் வந்தேன்."

மேடம் என்னைப் பார்த்தார், நான் மேடத்தைப் பார்த்தேன். மார்க்கெட்டுக்குப் போகிற கீரைக்கு அது சரி, இலை பளபளத்தால் விற்றுவிடும். ஆனால் இந்தத் தண்டுகள் வழி நெடுக வெட்டுவாயால் காற்றை உறிஞ்சியிருந்தன. நீட்டு ரகத்தின் குழாய்கள் குறுகல், குட்டை. காற்று கொஞ்சத்தில் நின்றுவிட்டது. உருண்டைக்கு அகலமான, நீளமான குழாய்கள், காற்று வெகுதூரம் போய்விட்டது. வீட்டுப் பைப்பில் காற்று புகுந்தால் மோட்டார் சும்மா உறுமுமே, அதே கதைதான்.

உருண்டையைப் பக்கெட் தண்ணீருக்குள் வைத்தே, காற்று புகுந்த அடித்தண்டை நீளமாக நறுக்கி எறிந்துவிட்டு, மறுபடி சாயத்தில் நிறுத்தினேன். டீ குடித்துவிட்டு வருவதற்குள் இலை நரம்பெல்லாம் சிவப்பு.

"சாயங்காலம் செடி நிமிருதாம்மா?" என்றார் மேடம்.

"நிமிருது. காலீல ஜம்முனு நிக்குது."

"அப்போ நோய் இல்ல. பெரிய இலை, வெயில்ல தண்ணி போற வேகத்துக்கு ஈடு கட்ட முடியல, அவ்வளவுதான். புடுங்காதீங்க."

கஸ்தூரியக்கா ஸ்டூலில் உட்கார்ந்து அழுதுவிட்டார். எனக்கும் அன்றைக்கு மனசு நிறைந்துபோனது.

லேபுக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். சாயம் ஏறவில்லை என்றால் செடியைக் குறை சொல்வதற்கு முன்னால், அது வந்த வழியைக் கேளுங்கள்.

அடுத்த முறை கஸ்தூரியக்கா மிளகாய்த் தண்டுகளைப் பக்கெட் தண்ணீரில் நிறுத்திக்கொண்டு வந்தார். பஸ்ஸில் கண்டக்டர் முறைத்தாராம்.

"அது தண்ணி குடிச்சிகினு வருது நைனா, நீ டிக்கெட்ட குடுன்னேன் சார்."