பூக்குழியில் நான் ஓடவில்லை

"ஒனக்குத்தான் எல்லாம் சொகமாயிருச்சே!" என்று எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளில் யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒன்பது வயதில் வந்த ரத்தப் புற்றுநோய் போய்விட்டது, உண்மைதான். அதை விரட்டிய மருந்து என் கால் நரம்புகளையும் சேர்த்துக் கெடுத்ததைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பாதத்தை மேலே தூக்க வராது. செருப்பு கழன்று விழுந்தால் தெரியாது. அட்டை கடித்து, குடித்து, உருண்டு விழுந்த பிறகு யாராவது ரத்தத்தைக் காட்டினால்தான் தெரியும்.

சிகிச்சை முடிந்த புதிதில், பதுளை ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சி சொல்லித்தந்த மிஸ், "பிள்ளையை நடக்க விடுங்க" என்று அம்மாவிடம் படித்துப் படித்துச் சொன்னார். அம்மா கேட்டால்தானே! "பாவம், புள்ளைக்கு நோகும்" என்று, கொழுந்து எடுக்கப் போகும் நேரம் போக மீதி நேரமெல்லாம் முதுகில் சுமந்தாள். நோகாததுதான் வியாதி என்று எத்தனை சொல்லியும் அவளுக்கு ஏறவில்லை.

ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் அவள் மாரியம்மனுக்கு நேர்ந்திருந்தாள்: பிள்ளை பிழைத்தால் தீ மிதிப்பாள் என்று. ஒவ்வொரு திருவிழாவுக்கும் ஏதாவது சாக்குச் சொல்லித் தப்பித்தேன். போன வருடம் அவள் விடவில்லை.

"காலு மரத்துக் கெடக்கும்மா. வெந்தாக்கூடத் தெரியாது."

"அதெல்லாம் ஆத்தா பாத்துக்குவா. நேந்தத செய்யாம நான் எப்படிக் கண்ண மூடுறது?"

எரிச்சலோடுதான் காப்புக் கட்டிக்கொண்டேன். அந்த வார்டில் அவளுக்கென்று இருந்தது அந்த ஒரு வேண்டுதல்தான். அதையும் பிடுங்க எனக்கு மனசு வரவில்லை.

காலையில் பூக்குழியில் இறங்கினேன். எனக்கு முன்னால் போனவர்கள் நெருப்பை ஓடிக் கடந்தார்கள். எனக்கு ஓட வராது. முழங்காலைத் தூக்கித் தூக்கி, வழக்கம்போல மெதுவாக நடந்தேன். கூட்டம் வாயைப் பிளந்தது. "அடி ஆத்தா, என்னமா நிதானமா நடக்குது புள்ள!" பெண்கள் குலவையிட்டார்கள். கரையேறியதும் என் காலில் விழுந்து திருநீறு கேட்டார்கள். அத்தனை பேருக்கு நடுவில் நான் நின்ற தனிமை, ஆஸ்பத்திரிக் கட்டிலில்கூட இருந்ததில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா என் காலைத் துடைக்க உட்கார்ந்தாள். உள்ளங்காலைத் திருப்பியவளின் கை அப்படியே நின்றது. தோல் வெந்து, பெரிய பெரிய கொப்புளங்கள்.

"சுட்டுச்சாடி?"

"இல்லம்மா."

வெந்த இடத்துக்குப் பக்கத்தில் நகத்தால் கிள்ளினாள். "இங்க?"

"இல்ல."

பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்திக் கிள்ளினாள். "இங்கயுமா?"

"இல்லம்மா."

இத்தனை வருடத்தில் அன்றைக்குத்தான் அவள் கேட்டாள். என் காலை மடியில் வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதாள். எனக்கோ அப்பாடா என்றிருந்தது. இனி ஒருத்திக்காவது தெரியும் என்று சந்தோஷப்பட்டேன்.

வாசலில் ஆட்கள் வந்துவிட்டார்கள். எங்கள் தோட்டத்தில் தீ மிதித்தவளுக்குக் கொப்புளம் கண்டால் விரதத்தில் குறை என்பார்கள். கல்யாணமாகாதவள் என்றால் பேச்சு வேறு மாதிரிப் போகும்.

"புள்ளைக்குக் காலு எப்படி இருக்கு?" என்று வெளியிலிருந்து ஒரு குரல் கேட்டது.

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். போர்வையை இழுத்து என் பாதங்களை மூடிவிட்டு எழுந்து போனாள்.

"ஒண்ணுமே ஆகலங்க," என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். "ஆத்தா காப்பாத்திட்டா."