வெள்ளை மணல் தெரியும்வரை

நவமணி ரப்பர்த் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவள். பதினான்கு வயதில் பால்மரம் வெட்டப் போனாள்; பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் வேலை. 1974இல் முதலாளி தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றதும், கணவன் சீனியோடும் மூன்று வயது மகள் மாரியம்மாவோடும் ஈப்போ நகரத்தை அடுத்த செமோருக்குப் பக்கத்தில் இருந்த ஒரு கம்பத்துக்கு, சின்னக் கிராமத்துக்கு, வந்து சேர்ந்தாள். சீனிக்கு ஈயலம்பத்தில், அதாவது ஈயச் சுரங்கத்தில், வேலை கிடைத்தது. பெரிய குழாயால் தண்ணீரைப் பீய்ச்சி மண்மேட்டைக் கரைக்கும் வேலை. மேலே கிடக்கும் கறுப்பு மண்ணை ஒட்ட வழித்துத் தள்ளிவிட்டுத்தான் அடியில் உள்ள ஈயத்துக்குப் போவார்கள். சீனி வழித்த இடத்தைத் திரும்பப் பார்க்க வேண்டியதில்லை என்று கங்காணியே சொல்லுவார்.

கம்பம் இருந்த நிலமும் ஈயம் அலசிவிட்டுக் கொட்டிய வெள்ளை மணல்தான். புல்கூட யோசித்து முளைக்கும் இடம். ரப்பர் மரத்தடியில் சருகு மக்கி மண் கறுப்பதைப் பார்த்தே வளர்ந்தவள் நவமணி. வீட்டுப் பின்னால் ஒரு குவியல் போட்டாள். சமையற்கட்டுக் கழிவு, மீன் செதில், தேங்காய் நார், சாம்பல், ஈப்போ சந்தையில் கழித்துப்போடும் கோஸ் இலை என்று எல்லாம் அதற்குள் போயின. மூன்று மாதம் கிளறிக் கிளறிவிட்டால் கறுத்து, பொலபொலவென்று உதிரும். அதைப் பாத்தியில் போட்டால்தான் கீரை வரும். ஒரு மழைக்காலம் போனால் மணல் அதையும் குடித்துவிடும். மறுபடி புதிதாகப் போடவேண்டும்.

1985 அக்டோபரில் லண்டன் சந்தையில் ஈய வியாபாரத்தை நிறுத்தினார்கள்; விலை சரிந்தது. அடுத்த வருடம் பிறந்ததும் சீனி வேலை பார்த்த லம்பத்தை மூடிவிட்டார்கள். அன்றிலிருந்து அவன் குடியிருப்பு சின்னையாவின் டீக்கடை.

"அமெரிக்காகாரன் கிடங்குல வச்சிருந்தத எடுத்து விக்கிறான். பிரேசில்காரன் அள்ளிக் கொட்டுறான். இங்க நம்ம அடுப்புல பூன தூங்குது" என்பான் சீனி.

"ஈயம் வெட்டுற நாடு எல்லாம் சேந்து ஒரு மாசம் விக்காம இருந்தா வெல தன்னால ஏறும்லா" என்பார் சின்னையா.

"அண்ணே, நீங்க ஒரு மாசம் டீ விக்காம இருந்து பாருங்க. எதுத்த கடக்காரன் வெல ஏறும்."

சிரிப்பார்கள். அந்த நேரம் பார்த்து நவமணி சைக்கிளில் இரண்டு வாளி அழுகல் இலையோடு போவாள். யாராவது, "மச்சான், உன் வீட்டு லாரி போவுது" என்பார்கள். சீனி முகத்தைத் திருப்பிக்கொள்வான். ஊர்க் குப்பையைப் பெண்டாட்டி சுமப்பது அவனுக்கு மானக்கேடு. அதனால் வீட்டிலும் அந்தக் குவியலைப் பற்றிப் பேச்சே எழுந்ததில்லை. அவன் கேட்கமாட்டான், அவள் சொல்லமாட்டாள்.

பதினைந்து வயது மாரியம்மா பள்ளியில் மூன்றாம் படிவம் படித்தாள். அக்டோபரில் எஸ்.ஆர்.பி. அரசுப் பரீட்சை; அதில் தேறினால்தான் மேலே படிக்கலாம். பெண் பிள்ளைகளைக் கோலாலம்பூரில் வீட்டு வேலைக்குச் சேர்த்துவிடும் கத்தரின் என்பவள் இரண்டு முறை வந்து கேட்டுவிட்டாள். சீனி தலையைக் குனிந்துகொண்டு டீக்கடைக்குப் போய்விட்டான். நவமணிதான் தடுத்தாள்.

"எரு பக்குவமாயிருச்சு. இந்தப் போடு கீரைய வித்து அக்டோபரு வரைக்கும் ஓட்டிருவேன். பரீட்ச எழுதட்டும்."

"புதன்கிழம வாரேன். அப்பவும் இதான் சொல்லுவியான்னு பாப்போம்" என்று போனாள் கத்தரின்.

அந்த வாரம்தான் கோத்தோங் ரோயோங் அறிவித்தார்கள். ஊரே கூடிச் சுத்தம் செய்யும் நாள். நகராண்மைக் கழகத்து ஆள் பார்வையிட வருகிறார். கம்பத்துக் கமிட்டித் தலைவர் ஜெயபாலன் வெள்ளிக்கிழமையே நவமணியிடம் வந்தார். பின்னாலேயே பக்கத்து வீட்டு முத்தம்மாவும் வந்தாள்.

"அக்கா, அந்தக் குப்பைய எடுத்துருங்க."

"அது குப்ப இல்ல தம்பி."

"ஈக்குத் தெரியுமா அது?" என்றாள் முத்தம்மா. "எங்க சோத்துத் தட்டுலதான வந்து உக்காருது."

"நீ எங்கிட்ட கொண்டாந்து கொட்டுற மீன் தலைதான் அது. உன் வீட்டுல போட்டா நாறாதா?"

ஜெயபாலனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரிக்கா. தகரத்தப் போட்டு மூடி வையுங்க. நான் பாத்துக்கிறேன்" என்றார். நவமணி பழைய கூரைத் தகரங்களைத் தேடியெடுத்து மூடி, மேலே கல் வைத்தாள்.

ஆகஸ்ட் பத்தாம் தேதி, ஞாயிறு. விடிந்ததும் அவள் சந்தைக்குப் போய்விட்டாள். மாரியம்மாவைப் பள்ளித் தோழி வீட்டில் படிக்க விட்டிருந்தாள்.

சீனி எழுந்து வெளியே வந்தான். கம்பமே மண்வெட்டியோடு நின்றது. எட்டு மாதமாக எந்த வேலைக்கும் வேண்டாதவனாக இருந்தவனை, "அண்ணே, வாங்கண்ணே, உங்க கைக்கு ஏத்த வேல" என்று நாலு பேர் கூப்பிட்டார்கள். ஊரைக் கூட்டுவதற்கு முன் தன் வீட்டைக் கூட்ட வேண்டும் என்று தோன்றியது அவனுக்கு. தகரத்தைத் தூக்கினான். அடியில் கறுப்பு மண். லம்பத்தில் இத்தனை வருடமும் எதை வழித்துத் தள்ளினானோ, அதே நிறம்.

நவமணி திரும்பியபோது குப்பை அள்ள வந்த லாரி புறப்பட்டுவிட்டிருந்தது. சீனி வியர்வையில் நனைந்து நின்றான். அவன் முகம் அப்படி மலர்ந்து அவள் பார்த்து நெடுநாளாயிற்று.

"ஒரு பொட்டு கறுப்பு இல்லாம வழிச்சுட்டேன் பாரு. வெள்ள மணலு தெரியுதா? ஜெயபாலன் ஆளுங்களே அசந்துட்டானுங்க."

அவள் சைக்கிளைப் போட்டாள். வாளிகள் உருண்டன. "எங்க கொட்டுனாங்க?"

"பழைய லம்பக் குட்டையில. ஏன்?"

"அதுதான்யா மாரியோட பரீட்ச."

சீனிக்கு முதலில் விளங்கவில்லை. அவள் ஓடத் தொடங்கிய பிறகுதான் விளங்கியது. அவனும் பின்னால் ஓடினான்.

குட்டைக் கரை செங்குத்து. கொட்டியது முழுவதும் தண்ணீருக்குள் சரிந்து போயிருந்தது. போத்தல்களுக்கும் பழைய டயர்களுக்கும் நடுவே கறுப்பாய்ப் பரவி மிதந்தது. சீனி சட்டையோடு இறங்கி, கரையில் கிடந்த சாக்கை முக்கி அள்ளினான். தூக்கினால் தண்ணீரோடு எல்லாம் ஒழுகிவிட்டது. மறுபடி முக்கினான். இடுப்பளவில் நின்றவன் மார்பளவுக்குப் போனான்.

"போதும், ஏறி வாங்க. சேறு இழுத்துரும்" என்று கத்தினாள் நவமணி.

அவன் ஏறவில்லை. ஜெயபாலனும் இன்னொருவரும் இறங்கி இழுத்து வந்தார்கள்.

"நான் அந்தக் கோடியில அதிகாரியோட நின்னுட்டேன்கா" என்றார் ஜெயபாலன், அவளை நிமிர்ந்து பார்க்காமல்.

"ஒன்னக் குத்தம் சொல்லல தம்பி. அவரையும் சொல்லல. ஊருக்கெல்லாம் வெளக்குனேன். வீட்டுல ஒரு வார்த்த சொல்லல."

சாக்கில் மிஞ்சியது ஒரு பாத்திக்குக்கூடப் போதாது.

புதன்கிழமை கத்தரின் வந்தாள். சீனி வாசலுக்கே போய் நின்றான். "என்னைய கூட்டிட்டுப் போ. தோட்ட வேல, காவல் வேல, எதுனாலும் செய்யறேன்."

"ஆம்பளைய எந்த வீட்டுலண்ணே உள்ள விடுவாங்க?" என்றாள் கத்தரின். கேலியாகச் சொல்லவில்லை.

மாரியம்மா அதற்குள் துணிகளை மடித்து வைத்திருந்தாள். பள்ளிச் சீருடையையும் புத்தகங்களையும் மட்டும் எடுக்கவில்லை. நவமணி அவளோடு சாலைவரை நடந்தாள்.

"திரும்பவும் போட்டுட்டேன்டி. நேத்தே ஆரம்பிச்சுட்டேன். உங்கப்பாதான் இலை நறுக்கிப் போடுறாரு. பக்குவமானதும் கூப்புட்டுக்கிறேன்."

"எப்பம்மா பக்குவமாவும்?"

"நவம்பரு."

மாரியம்மா துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். பஸ் வந்து நின்றது. ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு, அம்மாவை வீட்டுக்குப் போகச் சொல்லிக் கையைக் காட்டினாள்.