ஒன்பது நீலச் சதுரங்கள்

கடைக்கு ஒரு பெயர்ப் பலகை இருந்தது. யாரும் அதைப் படித்ததில்லை. மருந்துக் கடைக்கும் சாவி செய்பவரின் பெட்டிக் கடைக்கும் நடுவில், இரண்டு தையல் மெஷினும் ஒரு அயர்ன் மேசையும் போட்ட பிறகு ஆள் நிற்கக்கூட இடமில்லாத அந்தச் சந்தில் உட்கார்ந்திருப்பவளை எல்லோரும் ஆல்ட்டர் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். இடுப்பைப் பிடிப்பது, நீளத்தைக் குறைப்பது, ஜிப்பை மாற்றுவது அவள் வேலை. புதுத் துணி தைக்கச் சொல்லி யாராவது வந்தால், "அதுக்கு டெய்லரைப் பாருங்க. டெய்லர் கெடுத்ததைச் சரி பண்றவ நான்" என்பாள்.

எட்டு வருடத்துக்கு முன்பு, இனிமேல் குணமாகாது என்று டாக்டர்கள் கைவிரித்துவிட்டவர்களைக் கடைசிவரை வைத்துப் பார்த்துக்கொள்ளும் ஒரு இல்லத்துக்குத் திரைச்சீலைகளைக் குட்டையாக்கிக் கொடுக்கப் போனாள். அங்கே ஒரு அம்மாள் சாம்பல் நிறப் போர்வைக்குள் சுருண்டு படுத்திருந்தாள். போர்வையின் மூலையில் சலவைக்காரர்கள் போட்ட நம்பர். "இதைப் போர்த்திக்கிட்டா நானும் ஒரு நம்பர் மாதிரிதான் இருக்கும்மா" என்றாள் அந்த அம்மாள். அக்கா அந்த நம்பரை ஒரு தடவை பார்த்தாள். வீட்டுக்கு வந்து, வெட்டி மிஞ்சிய துணிகளையெல்லாம் தரையில் கொட்டிச் சதுரம் சதுரமாக நறுக்கி, நடுவில் பஞ்சு வைத்து, பின்பக்கம் மெத்தென்ற துணி கொடுத்து ஒரு ஒட்டுப் போர்வை தைத்தாள். அது தயாராகும்போது அந்த அம்மாள் இல்லை. பக்கத்துக் கட்டில்காரருக்குப் போயிற்று.

அதிலிருந்து நிறுத்தவில்லை. நூற்று முப்பது போர்வைக்கு மேல் ஆகிவிட்டது. ஒவ்வொன்றிலும், படுத்திருப்பவரின் வலது கை எட்டும் இடத்தில் ஒரு பாக்கெட் வைப்பாள். பழைய சட்டையில் இருக்கும் பாக்கெட்டை அப்படியே சதுரத்தோடு வெட்டி எடுத்துவிடுவாள். மூக்குக் கண்ணாடி, கைக்குட்டை, யாராவது எழுதிய கடிதம் என்று எதையாவது வைத்துக்கொள்ளட்டுமே என்று.

விஷயம் பரவியதும் ஜனங்கள் துணி கொண்டுவந்து கொடுத்தார்கள். பெரும்பாலும் போய்ச் சேர்ந்தவர்களின் துணி. போட்டுக்கொள்ளவும் மனசு வராது, தூக்கி எறியவும் கை வராது. அப்படித்தான் ஒரு நாள் மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை செய்பவர்கள் போடும் பச்சைக் கோட்டோடு நாற்பது வயதுப் பெண் ஒருத்தி இரண்டு பைகளை இறக்கினாள்.

"அப்பாவோட துணிக்கா. உங்களுக்கு உதவுமான்னு பாருங்க."

கண் சிவந்திருந்தது. அக்கா அவள் கையைப் பிடித்து, "மனசைத் தேத்திக்கம்மா. அவரு ஆசீர்வாதம் உனக்கு இருக்கும்" என்றாள். அந்தப் பெண் வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள், போய்விட்டாள்.

பையில் முழுக்க வேலைக்குப் போகிறவரின் சட்டைகள். அதில் ஒரு நீலச் சட்டை அருமையான துணி. துவைத்துத் துவைத்துப் பூ மாதிரி ஆகியிருந்தது. அதன் பாக்கெட்டுக்குள், பேனா நிற்கிற மாதிரி ஒரு சின்னப் பட்டி கையால் தைத்திருந்தது. நீலத்தில் ஒன்பது சதுரம் தேறியது. மற்றவற்றையும் சேர்த்து முப்பது; ஒரு போர்வைக்குச் சரியாக இருந்தது. காலரும் கைமுனையும் குப்பைக்குப் போயின.

எப்போதும் போர்வையை வரவேற்பு மேசையில் கொடுத்துவிட்டு அக்கா நழுவிவிடுவாள். உள்ளே போய் அந்த முகங்களைப் பார்க்கும் தெம்பு தனக்கில்லை என்று அவளுக்குத் தெரியும். இந்த முறை தலைமை நர்ஸ் விடவில்லை.

"ஒரே ஒரு தடவை உங்க கையால கொடுங்கக்கா. மூணாம் நம்பர் ரூம்ல ஒரு ஐயா இருக்காரு. ரொம்பத் தமாஷான மனுஷன். உங்களை அழ விடமாட்டாரு."

ஜன்னலோரக் கட்டிலில் தலையணைகளை முட்டுக்கொடுத்து உட்கார்ந்திருந்தார். மூக்கில் ஆக்ஸிஜன் குழாய். எலும்பின் மேல் தோலைப் போர்த்திய மாதிரி உடம்பு. கண் மட்டும் துறுதுறுவென்று இருந்தது.

"நாப்பது வருஷம் லிப்ட் மெக்கானிக்" என்று நர்ஸ் அறிமுகப்படுத்தினாள்.

"ஆமாம்மா. நாப்பது வருஷமா எல்லாரையும் மேல அனுப்பி வச்சேன். இப்ப என்னோட முறை" என்றார் அவர்.

அக்கா சிரித்துவிட்டாள். பயம் பாதி போய்விட்டது. போர்வையை விரித்து அவர் கால்மேல் போட்டு, மார்புவரை இழுத்துவிட்டாள். "இங்க ஒரு பாக்கெட் இருக்குங்கய்யா. கண்ணாடி வச்சுக்கலாம்."

அவர் வலது கை தானாகப் பாக்கெட்டுக்குள் போனது. போன கை வெளியே வரவில்லை. விரல் உள்ளே எதையோ தடவியது. மறுபடி தடவியது. முகத்தில் இருந்த சிரிப்பு, யாரோ துணியால் துடைத்த மாதிரி போய்விட்டது.

"இந்தத் துணி யாருதும்மா?"

நோயாளிகளிடம் அதைச் சொல்லக்கூடாது என்பது அக்கா தனக்குத்தானே போட்டுக்கொண்ட கட்டுப்பாடு. ஆனால் அந்தப் பார்வைக்கு முன்னால் பொய் வரவில்லை.

"ஒரு பெரியவரோடதுங்க. இப்ப அவரு இல்ல. அவரு மக கொண்டாந்து குடுத்தா."

"மக பச்சைக் கோட்டு போட்டிருந்தாளா?"

அக்கா தலையாட்டினாள். அப்போதும் அவளுக்கு விளங்கவில்லை. அவர் பாக்கெட்டை உள்பக்கம் வெளியே வரும்படி இழுத்து அந்தச் சின்னப் பட்டியைக் காட்டினார்.

"இது டெஸ்டர் சொருகுறதுக்கு என் சம்சாரம் தைச்சுக் கொடுத்தது. அவ போயி பன்னெண்டு வருஷமாச்சு." மூச்சு வாங்கியது. "நான் எப்பம்மா செத்தேன்?"

நர்ஸ் மாத்திரைக் கிண்ணத்தை மேசைமேல் வைத்தாள். அப்போதுதான் அக்காவுக்கு விளங்கியது. உயிரோடு இருக்கும் மனிதனின் சட்டையை வெட்டி, அதை அவருக்கே போர்த்தி, நீங்கள் இப்போது இல்லை என்று அவரிடமே சொல்லியிருக்கிறாள்.

"எனக்குத் தெரியாதுங்க. சத்தியமா தெரியாது" என்றாள்.

"உன்னைச் சொல்லலம்மா." அவர் போர்வையில் ஒவ்வொரு சதுரமாக விரலை வைத்துக்கொண்டு போனார். "இது ஆஸ்பத்திரி லிப்ட் மாட்டினப்ப போட்டது. இது மக கல்யாணத்துக்கு மறுநாள் போட்டது. வாராவாரம் வந்து, 'சட்டையெல்லாம் அயர்ன் பண்ணி மாட்டி வச்சிருக்கேம்ப்பா, நீங்க வந்து போட்டுக்கணும்'னு சொல்லிட்டுப் போறா. போன வாரம்கூடச் சொன்னா."

பிறகு போர்வையைச் சுருட்டி அக்காவிடம் நீட்டினார். "எனக்கு என் நீலச் சட்டை வேணும். நீ வெட்டினதுதானே? நீயே ஒட்டிக் குடு."

அக்கா மறுபேச்சுப் பேசவில்லை. அளவெடுக்க டேப்பை எடுத்தாள். அதிலும் ஒரு அதிர்ச்சி காத்திருந்தது. பழைய சட்டை நாற்பத்திரண்டு அங்குல மார்பு. இப்போது டேப் முப்பத்தொன்றில் நின்றுவிட்டது. பள்ளிக்கூடத்துப் பையனின் அளவு. ஒன்பது சதுரம் எப்படிப் போதும் என்று அவள் பயந்துகொண்டிருந்தாள். கை இல்லாமல் தைத்தால் தாராளமாகப் போதும் என்று தெரிந்தது. அது போதும் என்பதுதான் அவள் நெஞ்சைப் பிசைந்தது.

"காலர் குப்பைக்குப் போயிடுச்சுங்கய்யா" என்றாள்.

"போகட்டும். காலர் நிக்கிறதுக்குக் கழுத்துல சதை வேணாமா?"

இரண்டு நாள் கடைக்கு ஷட்டர் போட்டாள். தையலைப் பிரித்தாள். அவள் தைத்தால் அழுத்தமாகத் தைப்பாள். அதைப் பிரிக்க அவளே திணறினாள். அச்சகத்திலிருந்து மதியச் சாப்பாட்டுக்கு வந்த அவள் வீட்டுக்காரர், நடுவில் ஒன்பது ஓட்டையோடு கிடந்த போர்வையைப் பார்த்துவிட்டு, "என்ன, எலி கடிச்சுதா?" என்றார். அக்கா நடந்ததைச் சொன்னாள். அவர் தட்டைத் தள்ளி வைத்தார். "இத்தனை வருஷத்துல ஒருத்தர்கிட்டயாவது கேட்டியா, ஆள் இருக்காரா இல்லையான்னு?" என்றார். அவள் கேட்டதில்லை. அந்த நூற்று முப்பது போர்வையும் கண்முன் வரிசையாக வந்து நின்றன.

சட்டையைப் போட்டுவிடப் போன நாளில், அக்கா மூன்றாவது பட்டனை மாட்டிக்கொண்டிருக்கும்போது மகள் உள்ளே வந்தாள். சாப்பாட்டு இடைவேளையில் ஓடி வந்திருக்கிறாள். அதே பச்சைக் கோட்டு. அப்பாவைப் பார்த்தாள். சட்டையைப் பார்த்தாள். அக்காவைப் பார்த்தாள். கதவோரமாகவே சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அயர்ன் பண்ணித்தான் வச்சிருந்தே போல" என்றார் அப்பா. "சதுரம் சதுரமா."

"அப்பா..."

"வேற என்னல்லாம் குடுத்தே? ஷூ?"

"குடுத்துட்டேன்."

"டூல்ஸ் பெட்டி?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அதுவும் போய்விட்டது என்று எல்லோருக்கும் புரிந்தது.

"என் பல்செட்டு வாயில இருந்ததால தப்பிச்சுது" என்றார். யாரும் சிரிக்கவில்லை. அவரும்.

மகள் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "ரெண்டு வாரம்தான்னு டாக்டர் சொன்னாருப்பா. அம்மா போனப்ப அந்த அலமாரியை நான்தான் காலி பண்ணேன். நீங்க ரூம் பக்கமே வரல. ஒவ்வொரு புடவையா மடிச்சு மடிச்சு வச்சேன். ஆறு மாசம் எனக்குத் தூக்கமில்ல. இன்னொரு தடவை என்னால முடியாதுப்பா. நீங்க இருக்கும்போதே செஞ்சுட்டா, இங்க வந்தா நீங்க இருப்பீங்கன்னு நெனச்சுக்கிட்டே செஞ்சுடலாம்னு தோணுச்சு. அப்புறம் ரெண்டு வாரம் தாண்டிடுச்சு. நீங்க இருந்தீங்க. சொல்ல வாய் வரல."

அக்கா பட்டனைப் பிடித்த கையோடு அப்படியே நின்றாள். இந்தப் பெண்மேல் மூன்று நாளாக மூட்டிக்கொண்டிருந்த கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

மெக்கானிக் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நர்ஸ் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். அவர் திரும்பாமலே கேட்டார். "அந்தப் போர்வை எங்க?"

அக்கா பையிலிருந்து எடுத்து விரித்தாள். ஒன்பது ஓட்டை.

"இதுக்கு அவ துணியைப் போடு" என்றார். "அவளும் உயிரோடதானே இருக்கா?"

கிண்டலா, தண்டனையா, வேறு ஏதாவதா என்று அக்காவால் கண்டுபிடிக்க முடியவில்லை. மகள் மட்டும் எழுந்தாள். பச்சைக் கோட்டைக் கழற்றினாள். கடையின் பேட்ஜைப் பிடுங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு கோட்டை அக்காவிடம் நீட்டினாள்.

"கடையில என்னம்மா சொல்லுவே?" என்றாள் அக்கா.

"என்னமோ சொல்லிக்கிறேன். வெட்டுங்க."

கட்டில் ஓரத்திலேயே வைத்து வெட்டினாள். கத்தரி முதுகுப் பக்கத்தில் இறங்கும்போது மெக்கானிக் திரும்பிப் பார்த்தார். மகளின் முகத்தையும் துணியையும் மாறி மாறிப் பார்த்தார். ஒன்பதாவது சதுரம் விழுந்ததும், "வலிக்குதா?" என்று மகளிடம் கேட்டார். அவள் ஆமாம் என்று தலையாட்டினாள். அவர் கட்டிலில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். அவள் வந்து உட்கார்ந்தாள்.

அதற்குப் பிறகு இருபத்தாறு நாள் இருந்தார். மகளோடு பழையபடி பேசினாரா என்றால், முழுக்க இல்லை என்றுதான் நர்ஸ் சொன்னாள். சில நாள் சிரிப்பார். சில நாள் அவள் வந்ததும் கண்ணை மூடிக்கொள்வார். அவள் ஒரு நாளும் வராமல் இருந்ததில்லை. சட்டையோடுதான் அவரை எடுத்துக்கொண்டு போனார்கள்.

ஆல்ட்டர் அக்கா போர்வை தைப்பதை விடவில்லை. ஒரு மாதம் மெஷினைத் தொடாமல் இருந்தாள். பிறகு தலைமை நர்ஸ் வந்து நின்றாள். இப்போது யார் பை கொண்டுவந்தாலும் ஆறுதல் சொல்வதற்கு முன்னால், "இந்தத் துணிக்காரங்க இருக்காங்களா?" என்று கேட்டுவிடுகிறாள். இப்படி ஒரு கேள்வியா என்று சிலர் அடிக்காத குறையாகக் கோபித்துக்கொள்வார்கள். ஆனால் இந்த வருடம் வந்த பதினோரு பேரில் மூன்று பேர் பதில் சொல்லவில்லை. அந்த மூன்று பேரில் ஒருவர் நல்ல உயரமான, மீசை வைத்த ஆள். கையில் மனைவியின் துணி. அக்கா ஸ்டூலை எடுத்துப் போட்டு, "உக்காருங்க தம்பி" என்றாள்.