சட்டிக்குள் நின்ற ஏழு பேர்

எனக்கு எழுத்து ஓடாது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். வயதும் போய்விட்டது, நடந்ததை முன்பின்னாகச் சொல்லிவிடுவேன். வாசிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

டோர்ட்மண்டில் தனியாக இருந்த ஒரு ஜேர்மன் அம்மாவின் வீட்டைப் பல வருடம் துப்புரவு செய்தேன். வெள்ளிக்கிழமைகளில் வேலை முடிய எனக்குக் கோப்பி தந்துவிட்டு, சுவரில் தொங்கிய படத்தின் முன்னால் கூட்டிக்கொண்டு போவார். அவருடைய பாட்டனாரின் தகப்பன் நூறு வருடத்துக்கும் முன்னர் கேலியும் பகிடியும் போடும் ஒரு சஞ்சிகைக்கு மையால் கீறியது. அச்சடித்த பிரதி அல்ல, அவர் கைபட்ட தாளே அது. பிழைத்த இடங்களை வெள்ளை மையால் மூடியிருந்தார். சமையற்காரத் தொப்பி போட்ட ஒரு தடியன் பெரிய சட்டியைக் கிண்டுகிறான். சட்டிக்குள் ஏழு குட்டி மனிதர்கள் தலைமயிரைப் பிடித்துச் சண்டை போடுகிறார்கள். தடியன் அந்தக் காலத்து மந்திரியாம். ஏழு பேரும் யார் யார், ஏன் சண்டை என்று அம்மா விரலால் தொட்டுத் தொட்டுச் சொல்லி, கண்ணில் நீர் வரச் சிரிப்பார். எனக்கு அந்த ஜேர்மன் பாதிகூட விளங்காது. திரும்பக் கேட்கக் கூச்சம். "யா, யா" என்று தலையாட்டி நானும் சிரிப்பேன்.

ஒருமுறை அவர் விழுந்து, இடுப்பு உடைந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். திரும்பி வரும்போது வீடு பளிச்சென்று இருக்கட்டும் என்று, வருடப்பிறப்புக்குத் துடைப்பதுபோல மூலைமுடுக்கெல்லாம் துடைத்தேன். படத்தின் கண்ணாடியையும் கழற்றினேன். தாளின் ஓரத்தில் எறும்பு ஊர்ந்ததுபோலப் பென்சில் கிறுக்கல். யாரோ பிள்ளை கிறுக்கியது என்று நினைத்து, மேசையில் கிடந்த அழிறப்பரால் பொறுமையாக அழித்தேன். ஓரம் வெள்ளைவெளேரென்று வந்தபோது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அம்மா வீடு திரும்பவில்லை. முதியோர் இல்லத்துக்குப் போனார். படம் குப்பைக்குப் போய்விடக் கூடாது, மியூசியம் எடுக்க வேண்டும் என்பதே அவருடைய ஒரே கவலை. மியூசியக்காரர் பார்க்க வந்த நாளில் நானும் என் மகளும் படத்தைக் காரில் இல்லத்துக்குக் கொண்டுபோனோம். அங்கே பேசியதையெல்லாம் மகள்தான் எனக்குத் தமிழில் சொன்னாள்.

மியூசியக்காரர் தாளின் ஓரத்தைப் பார்த்தார். "சஞ்சிகையையும் ஆக்களின்ரை பேரையும் கீறினவரே பென்சிலாலை எழுதி வைச்சவர் எண்டீங்கள். எங்கை?"

அம்மா தடவித் தடவிப் பார்த்தார். விழுந்ததற்குப் பிறகு பெயர்கள் அவர் நினைவிலும் இல்லை. பிறகு என்னைக் கண்டு முகம் மலர்ந்தார். "இவவுக்குத் தெரியும்! ஒவ்வொரு வெள்ளியும் சொன்னனான். சொல்லுங்கோ, சட்டிக்குள்ளை ஆர்?"

நான் "யா" என்றேன்.

மகள் என் காதுக்குள் கேட்டாள். "அம்மா, நீங்களே அழிச்சனீங்கள்?"

"ஊத்தை எண்டு நினைச்சன் பிள்ளை."

"உங்கடை கண்ணுக்கு ஊத்தையைத் தவிர வேறொண்டும் தெரியாது. சொல்லுங்கோவன் அவைக்கு."

"ஏலாது."

எந்தச் சஞ்சிகை, எந்தச் சண்டை என்று தெரியாமல் எடுக்க இயலாது என்று அந்த மனிதர் மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனார். அம்மா படத்தைத் தூக்கி என் மடியில் வைத்தார்.

"நீங்கள் வைச்சிருங்கோ. உங்களுக்கெண்டாலும் விளங்குது."

அந்த மாரிக்குள் அவர் இறந்துபோனார். அழித்தது நான் என்று கடைசிவரை சொல்லவில்லை.

படம் என் கட்டிலுக்கு எதிரே இருக்கிறது. எனக்குப் பிறகு பிள்ளைகள் எறிந்துவிடுவார்கள், அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. பழைய ஜேர்மன் சஞ்சிகைகள் பார்த்தவர்கள் யாராவது இதை வாசித்தால், இதோடு அனுப்பும் போட்டோவைப் பார்த்து, அந்த ஏழு பேரும் யார் என்று சொல்லுங்கள். ஏழுதானா என்பதையும் ஒருக்கால் சரிபாருங்கள். சட்டியிலிருந்து எழும் ஆவிக்குப் பின்னால் இன்னொரு தலை இருப்பதுபோலத் தெரிகிறது, என் கண்ணை நான் இப்போது நம்புவதில்லை.