பொத்தானை மூடிய பிளாஸ்திரி

எங்கள் மீனவர் சங்க அலுவலகத்து மூலையில் நிற்கும் சர்வர் பெட்டியில், அதை ஆன் செய்யும் பொத்தானின்மேல் ஒரு பிளாஸ்திரி ஒட்டியிருக்கிறது. காயத்துக்கு ஒட்டுவோமே, அதேதான். உப்புக்காற்றில் ஓரம் சுருண்டு, கறுத்துப்போய்விட்டது. ஒட்டியவர் என் அத்தாச்சி, என் அண்ணனின் மனைவி.

மணமேல்குடிக் கரையிலிருந்து போகும் எங்கள் சங்கத்துப் படகு ஒவ்வொன்றிலும் ஒரு கருவி உண்டு. படகு எங்கே நிற்கிறதென்று அது இந்தப் பெட்டிக்குச் சொல்லும். பெட்டி எங்கள் போனுக்குச் சொல்லும். பெட்டியைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அண்ணன் படகு கரைப்பக்கம் திரும்பியதைப் போனில் பார்த்த பிறகுதான் அத்தாச்சி உலை வைப்பார். அவருக்கு அதுதான் கடிகாரம்.

அன்று படகுகள் போன பிறகு காற்று மாறி மழை கொட்டியது. கரண்ட் போனது. பேட்டரியில் ஓடிய பெட்டி, அது தீரப்போகிறதென்று தெரிந்ததும் தன்னைத்தானே ஒழுங்காக அணைத்துக்கொண்டது. மத்தியானம் கரண்ட் வந்து வீடுகளில் ஃபேன் சுற்றியது. பெட்டி மட்டும் எழவில்லை. கரண்ட் திரும்பினால் கடைசியாக இருந்த நிலைக்கே போ என்று அதில் அமைத்திருந்தார்களாம். கடைசியாக அணைந்திருந்தது, அணைந்தே கிடந்தது. அடப் பாவிகளா, கடலில் ஆள் இருக்கும்போது இப்படியா அமைப்பது!

"என்னடி இது, கரண்டுதான் வந்துருச்சே, ஏன் ஒண்ணும் காட்ட மாட்டேங்குது?" என்று அத்தாச்சி போனைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். அலுவலகச் சாவி செயலாளரோடு புதுக்கோட்டைக்குப் போயிருந்தது. முழங்கால் தண்ணீரில் இருவரும் ஓடினோம். வாசலில் கிடந்த நங்கூரக் கல்லைத் தூக்கி அத்தாச்சி பூட்டை அடித்து உடைத்தார். விரல் கிழிந்து ரத்தம் வழிந்ததை அவர் பார்க்கவே இல்லை. அந்த விரலாலேயே பொத்தானை அழுத்தினார்.

பெட்டி எழுந்து படகுகளைத் தேடியது. திரையில் ஒவ்வொரு படகுக்கும் பச்சைப் புள்ளி வந்தது. அண்ணன் படகுக்கு வரவில்லை. மூன்று முறை தேடிவிட்டு அந்தப் படகின் வரி அப்படியே நின்றுபோனது. "தேடச் சொல்லுடி! இன்னொரு தடவ தேடச் சொல்லு!" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினார். நானும் பைத்தியக்காரி மாதிரி தட்டிக்கொண்டே இருந்தேன். தேடப்போன படகுக்காரர்கள், கடைசியாக எங்கே நின்றதென்று கேட்டார்கள். பெட்டி அணைவதற்கு முன் நின்ற இடத்தைச் சொன்னேன். அதற்குப் பிறகு? எனக்குத் தெரியவில்லையே! அண்ணன் படகில் ஒரு பலகைகூடக் கிடைக்கவில்லை.

பிறகு புதுக்கோட்டையிலிருந்து இன்ஜினியர் வந்து எல்லாவற்றையும் மாற்றினார். "இனிமே எப்படி அணைஞ்சிருந்தாலும் கரண்ட் வந்தா தானா எந்திரிச்சிரும்க்கா. படகையும் அதுவே தேடிரும்" என்றார். விரலில் கட்டோடு நின்ற அத்தாச்சி ஒன்றே ஒன்று கேட்டார்.

"எத்தனை தடவ தேடும் தம்பி?"

"மூணு தடவக்கா. அதுக்கப்புறம் விட்டுரும்."

"எங்க படகுக்கு மட்டும் விடாமத் தேடச் சொல்லுங்க."

இன்ஜினியர் என்னைப் பார்த்தார். நான் தலை குனிந்துகொண்டேன். அப்படியே மாற்றிக் கொடுத்தார். அவர் போன பிறகு, தன் காயத்துக்கு வாங்கிய பிளாஸ்திரியில் ஒன்றைப் பிரித்து அத்தாச்சி பொத்தான்மேல் ஒட்டினார். "தானா எந்திரிக்கட்டும். யாரும் தொட வேணாம்" என்றார்.

இப்போது அவர் திருமயத்தில் தன் அம்மா வீட்டில் இருக்கிறார். இங்கிட்டுப் புயல் மழை என்று கேள்விப்பட்டால் போதும், போன் வந்துவிடும். "கரண்டு வந்துருச்சா? பெட்டி எந்திரிச்சிருச்சா?"

"எந்திரிச்சிருச்சு அத்தாச்சி. தேடுது."

"சரி, தேடட்டும்" என்று வைத்துவிடுவார். கிடைத்ததா என்று இதுவரை கேட்டதில்லை. பிளாஸ்திரி ஓரத்தை விரலால் அழுத்தி ஒட்டிவிட்டு நானும் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். கடைசி வரியில் அண்ணன் படகு. தேடிக்கொண்டிருக்கிறது.